வேலிப் பொட்டு

முரசுமோட்டை,
கிளிநொச்சி.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன். இது போனில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் போனில் நான் இரண்டு வசனம் சொல்ல முதல் நீ "அம்மா, அது அப்பிடியில்லை" என்று தொடங்கி விடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுக்க வாசி.

நீ ரொறன்ரோவுக்குத் திரும்பின பிறகு பதினொரு நாள் பக்கத்து வளவு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் இங்கே வரவில்லை. சண்டை முடிந்து மீளக் குடியேறி வேலி அடைத்தபோது மாமி வந்து போகவென்று அப்பா விட்ட இடைவெளிதான் அந்தப் பொட்டு. பின்னேரம் நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற நேரம், தலையைக் குனிந்து, சீலைத் தலைப்பு முள்ளுக்கம்பியில் மாட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வருவா. மற்றக் கையில் ஒரு பிடி முருங்கையிலையோ இரண்டு கத்தரிக்காயோ இருக்கும். பதினொரு நாளும் நான் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். சுகமில்லையோ என்று வேலியடியில் நின்று கூப்பிட்டுக் கேட்டேன். "இல்லை ரீச்சர், வேலையாக் கிடக்கு" என்றா. எந்த நாளும் அக்கா என்று கூப்பிடுகிறவ ரீச்சர் என்று சொன்னபோதே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு அடுத்த நாள் நீ விறாந்தையில் இருந்தாய். மாமி வந்து உனக்கு முன்னால் நிலத்தில் இருந்தா. கதிரையில் இருக்கச் சொன்னாய், மாட்டேன் என்றா. உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் குளத்தடிக்குக் கொண்டு திரிந்த, காணாமல் ஆக்கப்பட்ட தன் மூத்தவனைப் பற்றிக் கதைத்தா. கடைசியாக அவன் என்ன உடுத்திருந்தான், தான் அவனுக்கு என்ன சொல்லி அனுப்பினா என்பதெல்லாம் சொன்னா. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருக்கிற எனக்குக்கூட அந்தக் கடைசிச் சொல்லை அவ சொன்னதில்லை. உன் முகத்தைக் கண்டதும் வாய் திறந்துவிட்டது. உன் முகத்தில் அந்தக் கமராக் கண்ணாடி இருந்தது.

நீ அதை வேண்டுமென்று செய்யவில்லை. குளம், ஆட்டுக்குட்டி, அப்பா வாய்க்காலில் கால் கழுவுகிறது எல்லாவற்றோடும் அதுவும் பதிவாகி, சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து யாரோ மாமி அழுகிற துண்டை மட்டும் வெட்டி, பின்னால் ஒரு சோகப் பாட்டும் போட்டு, டிக்டொக்கில் ஏற்றியிருக்கிறார்கள். மாமியின் மகள் தன் போனில் கண்டு தாய்க்குக் காட்டினாள்.

லைட் எரியும் அம்மா, எல்லாருக்கும் தெரியும் என்று நீ சொல்வாய். ஒரு மூலையில் கமரா, மற்ற மூலையில் சின்ன வெள்ளை வெளிச்சம். நானும் கண்டேன். வைகாசி வெயில் முற்றத்தில் அடிக்கிற நேரம் அது கண்ணாடியில் பட்ட வெயில் என்றுதான் நினைத்தேன். எதிர் வளவுப் பேத்தி அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிறாள். அவளை இருத்தி வைத்து இதைப் பற்றி எல்லாம் தேடி வாசிக்கச் சொன்னேன். 2021இல் இந்தக் கண்ணாடியின் முதல் வகை வந்தபோதே, அயர்லாந்திலும் இத்தாலியிலும் தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் அந்தச் சின்ன வெளிச்சம் முன்னால் நிற்கிற ஆளுக்குப் போதுமான அறிவிப்பா என்று கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கே வந்த சந்தேகம். மாமிக்கு அப்படி ஒரு கண்ணாடி உலகத்தில் இருக்கிறதென்றே தெரியாது. பிறகு அவவுக்கு வெளிச்சம் எதை அறிவிக்கும்?

2013இல் கூகிள் விட்ட கண்ணாடி 1500 டொலராம். ஆளைப் பார்த்தவுடனேயே அதைத் தெரியும். சனம் முகம் சுளித்தது, சில கடைக்காரர் உள்ளே விட மறுத்தார்கள், 2015இல் அதைப் பொதுச்சனத்துக்கு விற்கிறதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நீ போட்டிருக்கிற மெற்றாவின் ரே-பான் 2023இல் வந்தபோது 299 டொலர். ஒன்றரை வருஷம் முடிய முதலே இருபது இலட்சம் விற்றதாம். விலை குறைந்தது ஒரு காரணம் என்றாள் பேத்தி. எனக்கென்றால், பார்க்கிற ஆளுக்கு அது வெறும் கறுப்புச் சட்டக் கண்ணாடியாகத் தெரிகிறதுதான் பெரிய காரணம். முதல் வந்ததைச் சனம் கண்டது, அதனால் கோபப்பட முடிந்தது.

இனி நான் சொல்லப் போகிறது உனக்கு முன்னம் சொல்லாத ஒன்று.

1988இல், உன் மாமா இளந்தாரியாக இருந்த காலம், ஒரு விடியற்காலை ஆமிக்காரர் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். பொம்பிளைகள் நாங்கள் மதிலோரம் நின்றோம். ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் ஆளைக் காட்டிக் கொடுக்கிற தலையாட்டி. தலையில் இருந்து இடுப்பு வரைக்கும் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொரு ஆளாக எழுப்பி அவனுக்கு முன்னால் நிறுத்துவார்கள். அவன் தலை ஆட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மற்றப் பக்கம். உன் மாமாவின் முறை வந்தபோது அந்தச் சாக்கு கன நேரம் அசையாமல் நின்றது. மாமா அந்த இரண்டு ஓட்டைக்குள்ளும் பார்த்துக்கொண்டு நின்றான். சாக்கு ஆடவில்லை. மாமா வீட்டுக்கு வந்தான். ஆனால் அதுக்குப் பிறகு சாகும் வரைக்கும் ஊரில் எவன் தன்னைப் பார்த்துச் சிரித்தாலும் "இவனோ தெரியாது" என்று என் காதுக்குள் சொல்லுவான். உள்ளே இருந்து பார்த்தவன் யாரென்று அவனுக்குக் கடைசி வரை தெரிய வரவில்லை.

பேத்தி வாசித்ததில் ஒன்றைக் கேட்டபோது எனக்கு அந்தச் சாக்குத்தான் கண்ணுக்குள் வந்தது. 2024இல் அமெரிக்காவில் ஹார்வர்ட் மாணவர்கள் இரண்டு பேர் உன்னுடையது போலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரயிலில் போகிற சனத்தைப் பார்த்திருக்கிறார்கள். முகத்தை இணையத்தில் தேடுகிற ஒரு சேவையோடு அதை இணைத்து, முன்பின் தெரியாத ஆளின் பெயர், விலாசம் வரைக்கும் போனில் வரப் பண்ணிக் காட்டினார்கள். ஆபத்தைக் காட்டத்தான் செய்தோம் என்று சொல்லி, அந்த நிரலை வெளியே விடவில்லை. நல்ல பிள்ளைகள். ஆனால் இரண்டு மாணவர்களால் முடிந்தது வேறு ஆட்களால் முடியாதா? பேஸ்புக்கே 2021இல் முகம் அடையாளம் காண்கிறதை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்ட ஆட்களின் முக அடையாளத்தை அழிக்கிறோம் என்று அறிவித்தது. அவ்வளவு முகம் அதுவரை அவர்களிடம் இருந்திருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் இருக்கிற கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடிப் போராட்டத்துக்கு மாமி 2017 மாசி 20ஆம் திகதி, தொடங்கின நாளிலேயே போனவ. மகனின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு இருப்பா. அந்தப் படத்தை உலகம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறா. ஆனால் யார் எவர் என்று தெரியாத ஆட்கள் வந்து தாய்மாரைப் படம் எடுத்த நாட்களும் உண்டு. அப்போது என்ன செய்வா தெரியுமா? மகனின் படத்தை இன்னும் உயர்த்திப் பிடித்து, தன் முகத்தை அதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வா. கமரா கையில் இருந்தது, கண்டா, மறைத்தா. உனக்கு முன்னால் அவ மறைக்க நினைக்கவில்லை. நீ பிள்ளை, அதுதான்.

சட்டம் இருக்கிறது என்றும் பேத்தி சொன்னாள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். இருக்கட்டும். வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து போன உறவுக்கு நான் சட்டப் புத்தகத்தை விரித்து என்ன செய்ய?

இதையெல்லாம் வாசித்துவிட்டு அம்மாவுக்கு அந்தக் கண்ணாடியே பிடிக்கவில்லை என்று நினைக்காதே. எனக்கு அப்படிச் சொல்ல முடிந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

நீ நிற்கிற நேரம் சின்னையாவுக்கு ஒருக்கா போட்டு விட்டாய் அல்லவா. மாத்தளனில் செல் விழுந்து கண் போன மனுசன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டையைக் கையில் பிடிக்கச் சொன்னாய். அது "மெற்போமின் 500" என்று அவருடைய காதுக்குள் வாசித்தது. சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், இங்கிலிஸ் விளங்கும். அட்டையைத் தடவித் தடவி, மற்றப் பக்கமும் திருப்பிப் பிடித்தார். இப்போது சின்னம்மா பிரஷர் மாத்திரைக்கும் சீனி மாத்திரைக்கும் வித்தியாசம் தெரிய ஒன்றில் றப்பர் வளையம் போட்டு வைக்கிறா. பிறகு முன்னால் என்ன இருக்கு என்று கேட்கச் சொன்னாய். அது ஏதோ சொன்னது. சின்னையா என் பக்கம் திரும்பி, "அண்ணி, நீலச் சீலையோ?" என்றார். நான் ஓம் என்றேன். அவருக்கு 2009க்குப் பிறகு என்னுடைய சீலை ஒன்றின் நிறம் தெரிந்தது அன்றைக்குத்தான். நான் குசினிக்குள் போய்விட்டேன். நீ தேத்தண்ணி போடப் போனேன் என்று நினைத்திருப்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீடியோவில் அப்பா வாய்க்காலில் நின்று உன் மேல் தண்ணி தெளித்துச் சிரிக்கிறார். கமரா என்று தெரிந்தால் அவர் ஒரு நாளும் சிரிக்க மாட்டார், அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைத்து நிற்பார். அக்காவின் கலியாணப் படத்திலும் அப்படித்தான். தெரியாதபடியால் சிரித்தார். அதை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று எண்ணவில்லை. அப்பாவைத் தெரியாமல் எடுத்ததுக்கு உன்னைக் கொஞ்சவும், மாமியைத் தெரியாமல் எடுத்ததுக்கு உன்னை ஏசவும் ஒரே வாய்தான் இருக்கிறது எனக்கு.

எங்களிடம் பழைய படமே இல்லை, அது உனக்குத் தெரியும். அல்பம் எல்லாம் இரணைப்பாலையில் பங்கருக்குள் போனது. மெனிக் பாம் முகாமில் இருந்து வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது, பதிவுக்கென்று வந்தவர்கள் நாலு பேரையும் வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். உனக்குப் பன்னிரண்டு வயது. நீ மட்டும் சிரித்தாய். எடுத்து முடிய, "எங்களுக்கு ஒரு கொப்பி தருவீங்களோ?" என்று கேட்டாய். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கொட்டிலுக்குப் போனார்கள். அந்த வருஷங்களில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து நின்ற ஒரே படம் அதுதான், தம்பி. எந்தப் பைலுக்குள் கிடக்கிறதோ. அதை நான் இன்றுவரைக்கும் காணவில்லை.

அதனால் படத்தின் அருமை எனக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமியின் படமும் இப்போது அவவுக்குத் தெரியாத எத்தனையோ போன்களில் கிடக்கிறது என்பதுதான் என்னை நித்திரை கொள்ள விடுகிறதில்லை.

எனக்கும் ஒன்று அனுப்பட்டோ என்று கேட்டாய். எனக்கு வேண்டாம். என்னுடைய வாசிக்கிற கண்ணாடி போதும். சின்னையாவுக்கு அனுப்பு. அதில் தமிழில் கேட்டால் விளங்குமோ, இங்கத்தைய இணையத்துக்கு ஓடுமோ என்று முதலில் விசாரி. டென்மார்க்கில் 2015இல் தொடங்கின பீ மை ஐஸ் என்று ஒரு சேவை இருக்கிறதாம். கண் தெரியாத ஆள் கமராவைப் பிடிக்க, எங்கோ இருக்கிற தொண்டர் பார்த்துச் சொல்லுவார். இந்தக் கண்ணாடியோடும் இப்போது அது வேலை செய்யுமாம். நீ அதில் தமிழ் தெரிந்த தொண்டராகப் பதிந்து வை. வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருந்தே யாரோ ஒருவருக்கு மாத்திரை அட்டை வாசித்துச் சொல்லலாம்.

சின்னையாவிடம் நான் கேட்டுவிட்டேன், கண்ணாடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. "படலையைத் திறக்கேக்கையே கண்ணாடி போட்டிருக்கிறன் எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டுத்தான் உள்ள வருவன்" என்றார். நீயும் அடுத்த முறை அப்படி வா. இல்லாவிட்டால் படலையில் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வை. ரொறன்ரோவிலும் கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்காதே. அவர்கள் வாய் திறந்து சொல்லாமல் இருக்கலாம். மாமியும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் பொட்டடியில் சருகு நெரிகிற சத்தம் கேட்டது. முருங்கையிலையோடு மாமி. குந்தில் இருந்து இலையை உருவத் தொடங்கினா. நானும் பக்கத்தில் இருந்து உருவினேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அக்கா, தம்பியின்ரை கண்ணாடிக்குள்ள நான் இப்பவும் இருக்கிறனோ?" என்று கேட்டா. தம்பிக்கு எழுதப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தா.

குழுவில் இருக்கிறதை அழி. உன் போனில் இருக்கிறதையும், கண்ணாடிக்காரரின் செயலியில் இருக்கிறதையும் அழி. டிக்டொக்கில் போட்டது எங்கள் சொந்தத்துக்குள் ஒரு ஆள்தான், கேட்டுக் கண்டுபிடித்து எடுப்பி. அழிக்க முதல் மாமி மகனைப் பற்றிச் சொன்ன துண்டைத் தனியாக எடுத்து அவவின் மகளுக்கு மட்டும் அனுப்பி வை. அது அவர்களுடையது. வைக்கிறதோ அழிக்கிறதோ அவர்கள் பாடு. அப்பா சிரிக்கிற துண்டை எனக்கு அனுப்பு. அப்பாவிடம் நான் கேட்டுவிட்டேன்.

பிறகு மாமிக்கு நீயே எடுத்துக் கதை. இங்கே பின்னேரம் ஆறு மணி, உனக்குக் காலமை எட்டரை. அந்த நேரம் அவ இங்கேதான் இருப்பா. வீடியோவில் எடுக்காதே, சும்மா போனில் எடு.

அன்புடன்,
அம்மா