சாம்பல் சத்து வேற, பொட்டாஷ் மூட்டை வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க விவசாயப் பக்கத்துல நெல்லுக்கு உர அளவு போடுறப்ப ஒரு வாரம் ஏக்கருக்கு 'சாம்பல் சத்து 20 கிலோ'ன்னு வருது, அடுத்த வாரம் அதே நெல்லுக்கு 'பொட்டாஷ் 20 கிலோ'ன்னு வருது, இன்னொரு நாள் 'பொட்டாசியம்'னு போட்டுடுறீங்க. மூணும் ஒண்ணு இல்லைங்க. நான் உரக்கடை வச்சிருக்கேன், பேப்பரை கட் பண்ணி எடுத்துட்டு வந்து "இதுல இருக்கிற மாதிரியே குடுப்பா"ன்னு நிக்கிறவங்ககிட்ட மல்லுக்கட்ட முடியல, அதான் எழுதுறேன்.

நாம பொட்டாஷ்னு வாங்குற மூட்டையில இருக்கிறது பொட்டாசியம் குளோரைடு. மேல 60 சதவீதம்னு அச்சடிச்சிருக்கிறது பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு. வேடிக்கை என்னன்னா அந்த ஆக்சைடு ஒரு சிட்டிகை கூட உள்ள கிடையாது, அது தண்ணி பட்டாலே சூடேறி காரமா மாறிடும், அதை யாரு வயல்ல போடுவா? அந்தக் காலத்து கெமிஸ்ட்டுங்க எதையும் ஆக்சைடா கணக்குப் பண்ணி எழுதுவாங்க, அந்தப் பழக்கம் உரத்துல இன்னும் போகல. நாம சொல்ற சாம்பல் சத்தும் இந்த ஆக்சைடு கணக்குதான். அசல் பொட்டாசியம் எவ்வளவுன்னு பாக்கணும்னா 0.83-ஆல பெருக்கணும், 60 வந்து 50 ஆயிடும், மிச்சத்துல முக்கால்வாசிக்கு மேல குளோரின்.

இப்ப உங்க 20 கிலோவுக்கு வருவோம். சாம்பல் சத்து 20 கிலோன்னா பொட்டாஷ் உரம் 33 கிலோ போடணும். 'பொட்டாஷ் 20 கிலோ'ன்னு படிச்சவரு 20 கிலோ உரத்தை நாலு தவணையா பிரிச்சு போட்டுட்டு போயிடுறாரு, பயிருக்கு போனது 12 கிலோ சத்துதான். 'பொட்டாசியம் 20 கிலோ'ன்னு போட்டதை அசல் பொட்டாசியமாவே எடுத்துக்கிட்டா பொட்டாஷ் உரம் 40 கிலோ ஆகுது. புகையிலைக்கு குளோரின் ஆகாதுன்னு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குவாங்க, அதுல சாம்பல் சத்து 50 சதவீதம்தான், அங்க கணக்கு மறுபடியும் மாறும். இதுக்கு நடுவுல சிவப்பு பொட்டாஷ்தான் பவர்னு ஒரு கூட்டம், அந்த சிவப்பு கொஞ்சூண்டு இரும்பு ஆக்சைடோட கலரு, வேற ஒண்ணும் இல்ல.

அதனால இனிமே உர அளவு போடுறப்ப சத்து எத்தனை கிலோ, அதுக்கு எந்த உரம் எத்தனை கிலோன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
உரக்கடைக்காரர் ஒருவர்