கண் எடுக்காமல் பார்க்கிறதா, எடுக்க முடியாமல் பார்க்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் குழந்தை வளர்ப்புக் கட்டுரையில் ஒரு வரி: "இரண்டு மாதக் குழந்தை செல்போன் திரையைக் கண் எடுக்காமல் பார்த்தால், கவனக்குவிப்பு இப்போதே அமைந்துவிட்டது என்று பெற்றோர் மகிழலாம்." இந்தக் கணக்குக்கு, விளக்கைவிட்டு நகராத விட்டில்பூச்சிக்கும் ஒரு கேடயம் கொடுத்துவிடலாம்.

அந்தக் குழந்தை கண்ணை எடுக்க முடியாமல் பார்க்கிறது, ஐயா. பிறந்த புதிதில் பார்வையைத் திருப்பும் வேலை பெரும்பாலும் நடுமூளையில் இருக்கும் சுப்பீரியர் கொலிகுலஸ் என்ற பகுதிக்கு. ஓரத்தில் ஏதாவது அசைந்தால் கண் அங்கே ஓடும், அவ்வளவுதான். ஒரு மாதம் போல் ஆனதும் மேல்மூளையிலிருந்து அதற்கு ஒரு கடிவாளம் விழுகிறது. அதைத் தளர்த்த வேண்டிய பெரைட்டல் புறணியும் (உச்சந்தலைப் பக்கத்து மூளையின் மேலடுக்கு), மூளையின் முன்பகுதியில் கண்ணசைவைக் கவனிக்கும் இடமும் அப்போது தயாராகியிருக்காது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆராய்ந்த மார்க் ஜான்சன் 1990-இல் முன்வைத்த விளக்கம் இது. அதனால் ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை பளிச்சென்ற ஒன்றில் விழுந்த பார்வை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சில பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே அழவும் செய்யும். நான்கு மாத வாக்கில் விடுவித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. மகிழ்வதென்றால் அன்றைக்கு மகிழட்டும்.

கட்டுரையாளர் எழுதுமுன் வீட்டிலேயே சோதித்திருக்கலாம். வயிறு நிறைந்து விழித்திருக்கும் பிள்ளையைத் தலை ஆடாமல் மடியில் சாய்த்துக்கொண்டு, சத்தம் போடாத ஒரு சிவப்புப் பொம்மையை 30 செ.மீ. தூரத்தில் நேரே காட்ட வேண்டும். பார்வை அதில் நின்றதும், அதை எடுக்காமல் பக்கவாட்டில் இன்னொன்றை மெல்ல ஆட்ட வேண்டும். இரண்டு மாதப் பிள்ளை பெரும்பாலும் முதல் பொம்மையிலேயே நிற்கும். முதல் பொம்மையை எடுத்துவிட்டு இரண்டாவதைக் காட்டினால் சட்டென்று திரும்பும். ஆக, கண் தெரியாமல் இல்லை, விட்டுவரத்தான் தெரியவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகும் இப்படியே இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சோதனை கெடுவது மூன்று இடத்தில்: கிலுகிலுப்பையை ஆட்டினால் பிள்ளை சத்தத்துக்குத் திரும்பும்; பின்னால் பூப்போட்ட திரைச்சீலை தொங்கும்; அல்லது காட்டுகிறவர் தன் முகத்தையும் நடுவில் நீட்டுவார். முகம் தெரிந்தால் பொம்மை தோற்றுவிடும்.

தங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. போன வருடம் தொட்டிலுக்கு நேர் மேலே, மின்விசிறிக் கம்பியில் பொம்மை கட்டச் சொன்னீர்கள். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. வரைதான், பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். உத்தரத்தில் தொங்குவது யாருக்காக?

ஜோதிடக் கேள்வி பதிலில் 'மாறுகண் அதிர்ஷ்டம், கவலை வேண்டாம்' என்று ஒரு தாய்க்குப் பதில் போட்டீர்கள். முதல் மூன்று மாதம் கண் அவ்வப்போது விலகுவது உண்டு. நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகினால், மூளை அந்தக் கண்ணிலிருந்து வருவதை ஒதுக்கத் தொடங்கிவிடலாம். ஏழு வயதுக்குள் கவனித்தால் மீட்பது எளிது, போகப் போகக் கடினம். அதிர்ஷ்டம் யாருக்கு என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும். அப்போதும் கடிதம் எழுதினேன். இடப் பற்றாக்குறை போலும்.

இதே கட்டுரையின் கடைசிப் பத்தியில், நான்கு வயதுப் பையன் கார்ட்டூன் முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பதும் கவனமாம். படம் மாறும்போதெல்லாம் திரைதான் அவன் கண்ணை இழுத்துப் பிடிக்கிறது. தானாகக் கவனத்தை நிறுத்துவது, வேண்டாததை ஒதுக்குவது இரண்டும் மூளையின் முன்பகுதி வேலை; மூன்று வயதிலிருந்து ஏழு வரை வேகமாக வளரும், பிறகும் வளரும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2011-இல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பதே நிமிடம் வேகமான கார்ட்டூன் காட்டிப் பார்த்தார்கள். படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிட, பொறுத்திருக்கும் சோதனையில் அவர்கள் உடனடியாகப் பின்தங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதையாவது போட்டிருக்கலாம்: இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். கூடவே, இரண்டு மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளையை, மூன்று மாதத்திலும் பொருளைக் கண்ணால் தொடராத பிள்ளையை, கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே, கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லி ஒரு வரி. இடம் இல்லையென்றால், கட்டுரைக்குக் கீழேயே வந்திருந்த ஞாபகசக்தி டானிக் விளம்பரத்தில் ஓர் அங்குலம் குறைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
கும்பகோணம்.