துறைமுகத்திலிருந்து மலையடிவாரம் வரை: காற்றாலைத் தொழிற்பழகுநர் பயிற்சி குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம், தென்மாவட்டங்களில் காற்றாலை நிறுவிப் பராமரிக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் திறனுள்ள சிறு காற்றாலைகள் நிறுவப்பட்ட நாளிலிருந்து எங்கள் வட்டாரம் காற்றாலைகளோடுதான் வாழ்ந்து வருகிறது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பணகுடி, இராதாபுரம், கயத்தாறு என எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடி தெரிகிறது. ஆனால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், என்னிடம் படித்துத் தேறிய பிள்ளைகளில் பலரை அந்தக் காத்தாடிகளின் அடியில் காவலாளிகளாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையே இம்மடலை எழுதத் தூண்டியது.

காற்றாலைத் தொழில் என்றதும் கோபுரத்தின் மேல் ஏறுபவரை மட்டுமே நாம் நினைக்கிறோம். உண்மையில் வேலை துறைமுக மேடையிலும் ஆலை வாசலிலும் தொடங்கிவிடுகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கையாளப்படும் பிளேடுகளில் (காற்றாலையின் இறக்கைகளில்) 80 மீட்டர் நீளத்தை எட்டியவையும் உண்டு. அத்தகைய ஒன்றைத் தூக்கும்போது பெல்ட்டை எந்த இடத்தில் கட்ட வேண்டும், சாலையின் எந்த வளைவில் அதன் வால்பகுதி வெளியே வீசும், எந்த மின்கம்பியை முன்கூட்டியே மின்தடை செய்து இறக்க வேண்டும், எந்த ஓடைப் பாலம் அவ்வளவு எடையைத் தாங்கும் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் இல்லாமல் ட்ரெய்லர் ஓர் அடிகூட நகராது. முன்னால் ஓட்டுநர் ஒருவர் இருக்க, பின்சக்கரங்களைத் தனியே திருப்புவதற்கு இன்னொருவர் நடந்தே வருவார். இருவருக்குமிடையே உள்ள புரிதலில்தான் வண்டி வளைவைக் கடக்கிறது. இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் கற்றுக்கொள்ள முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கம் பிளேடு ஏற்றிவந்த ட்ரெய்லர் ஒன்று குளக்கரை வளைவில் புதைந்து ஒன்றரை நாள் நின்றது. பள்ளிக்கூடப் பேருந்துகூடப் போக வழியில்லை. அந்தக் கரையின் ஓரமண் மழைக்குப் பின் இளகிவிடும் என்பது சற்றுத் தள்ளிக் காவல் பணியில் இருந்த என் பழைய மாணவனுக்கு நன்றாகத் தெரியும். பாதையை அளக்க வந்தவர்கள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபிட்டர் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டுக் கையில் டார்ச் விளக்கோடு நின்றவனிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை, அதாவது உதவித்தொகை பெற்று வேலையிடத்திலேயே தொழில் கற்பவர்களை, சேர்க்கக் கடமைப்பட்டவை. ஆனால் நான் பார்த்தவரை, கிரேன் வைத்திருப்பவரும் ட்ரெய்லர் ஓட்டுபவரும் அடித்தளம் போடுபவரும் பத்துப் பதினைந்து பேரோடு தொழில் நடத்தும் துணை ஒப்பந்தக்காரர்கள். சட்டத்தின் கட்டாயம் அவர்களைத் தொடுவதில்லை. கற்றுக்கொள்வதற்கு மிகுதியாக இருக்கும் இடத்தில் பழகுநர் இல்லை. பழகுநர் இருக்கும் இடத்தில் அவர் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

எனவே நான் கேட்பது கூட்டுப் பழகுநர் முறை. துறைமுகம், கிரேன் மற்றும் ட்ரெய்லர் உரிமையாளர்கள், பராமரிப்பு நிறுவனங்கள் ஆகியோர் ஒன்றுசேர்ந்து ஓர் அணியை எடுத்து, உதவித்தொகையைப் பகிர்ந்துகொண்டு, அந்த இளைஞர்களை வேலையின் வழியே முழுவதுமாக நடத்திச் செல்ல வேண்டும். எங்கள் பகுதியின் காற்றே இதற்கான கால அட்டவணையைத் தந்திருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று வீசும் பருவத்தில் எந்திரத்தை நிறுத்திப் பெரிய வேலை பார்க்க எவரும் விரும்புவதில்லை, பிளேடைத் தூக்கி மாட்டுவதும் கடினம். அந்த மாதங்களைச் சரக்கு மேடைக்கும், பாதை அளவைக்கும், வகுப்பறைக்கும் ஒதுக்கலாம். காற்று தணிந்தபின் பராமரிப்பிலும் நிறுவலிலும் அவர்களை இறக்கலாம். பள்ளிக்கரணையில் தலைமையகம் கொண்ட தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாறில் இருக்கிறது. வகுப்புகளுக்காகப் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பத் தேவையில்லை.

பயிற்சிக் கருவிக்கும் அலைய வேண்டாம். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையின்படி பழைய காற்றாலைகளைக் கழற்றிப் புதியவற்றை நிறுவும் பணி நடக்கும்போது, 250 கிலோவாட் எந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அவற்றில் ஒன்றின் தலைப்பகுதியைத் தரையிலேயே நிறுத்தி, கியர்பாக்ஸையும் ஜெனரேட்டரையும் பிள்ளைகள் பிரித்துப் பூட்டும்படி ஓர் ஐ.டி.ஐ.க்குக் கொடுங்கள். கோபுரத்தின் அடிப்பகுதி ஒன்றும் கிடைத்தால், உயரத்தில் கயிறு கட்டி வேலை செய்வதையும், மயங்கியவரைப் பத்திரமாக இறக்குவதையும் அங்கேயே பழக்கலாம். உயரத்தில் நேரும் பிழைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பதால், பாதுகாப்புப் பயிற்சி முடிக்காத எவரையும் ஏணியில் ஏற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கடல் காற்றாலை பற்றியும் ஒரு சொல். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் எனவும், இரு துறைமுகங்களின் மேம்பாட்டுக்கு 600 கோடி ரூபாய் எனவும் அதில் கண்டிருக்கிறது. துறைமுகத்தை மேம்படுத்தும்போதே, அங்கு வேலை செய்யப் போகிறவர்களையும் எண்ணிப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் நீரோட்டத்தைப் பிறந்தது முதல் அறிந்தவர்கள் மீனவ இளைஞர்கள். மீன்பிடிப் பரப்பு சுருங்கிவிடுமோ என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் பயிற்சிக்கு அழைக்க வேண்டும். வேலையைக் காட்டி அந்தக் கேள்வியை மூடக் கூடாது.

முதல் ஆண்டில் 20 பேர் போதும். வள்ளியூர், நாகர்கோவில், தூத்துக்குடி வட்டாரங்களில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளில் தேறிய, வேலையின்றி இருக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்துத் தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இசைந்திருக்கிறோம். ஐப்பசியில் பராமரிப்பு வேலைகள் சூடுபிடிக்குமுன், துறைமுகத்தில் ஒரு நாள் உங்கள் மூன்று தரப்பினரும் கூடி எங்களையும் அழைத்தால், பட்டியலோடு வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
வள்ளியூர் வட்டாரம்.