ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுபவனின் மடல்

வீடியோ கேம் உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் அப்படிக் கிடைத்தாலே பெரிது.

'பெர்சோனா 5' என்ற கேமை முடிக்க ஏறக்குறைய 100 மணி நேரம் ஆகும். என் கணக்கில் பொங்கலுக்குத் தொடங்கினால் வைகாசியில்தான் முடியும். அது பரவாயில்லை, நல்ல கதை நீளமாகவே இருக்கட்டும். ஆனால் எதிரியின் மாளிகைக்குள் நுழைந்துவிட்டால் பாதுகாப்பு அறை வரும்வரை சேவ் செய்ய முடியாது. நடுவில் கரண்ட் போனால் அன்றைய ஒரு மணி நேரமும் போச்சு.

எதை முடிப்பது என்பதற்கு எனக்கு ஒரே வழிதான். மூன்று ராத்திரி விளையாடுவேன். நான்காம் நாள் பட்டறையில் கண்ணி கோக்கும்போது அந்தக் கேம் தானாக மனதில் ஓடினால் முடிப்பேன். இல்லையென்றால், காசு போட்டோமே என்று இழுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' அப்படி மனதில் ஓடிய கேம். தீபாவளி ஆர்டர் வந்ததால் 40 நாள் தொட முடியவில்லை. திரும்ப உட்கார்ந்து கதாநாயகன் ஆர்தரின் டைரியைப் புரட்டினேன், கதை பிடிபட்டுவிட்டது. கைக்குத்தான் ஒன்றும் நினைவில்லை. துப்பாக்கியை உறையில் போட எந்தப் பட்டன், குதிரையைத் தட்டிக்கொடுக்க எது? அரை மணி நேரம் தடுமாறிவிட்டு அணைத்தேன்.

எங்கள் பட்டறையில், ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிற பையனிடம் நேரே வெள்ளியைக் கொடுக்க மாட்டோம். பழைய செம்புக் கம்பியைக் கொடுத்து, "முதல்ல கை பழகட்டும்" என்போம். அந்தச் செம்புக் கம்பியைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' கேமில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆனால் நாம் கண்டுபிடித்தது மட்டும் விண்கப்பலின் குறிப்பேட்டில் அப்படியே இருக்கும். ஆடிப் பண்டிகைக்கு விட்டதை, ஐந்து நிமிடம் அதைப் படித்துவிட்டுத் தொடர்ந்தேன், முடித்தும்விட்டேன்.

'ஏ ஷார்ட் ஹைக்' ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. செல்போன் சிக்னல் தேடி ஒரு சின்னப் பறவை மலையேறுகிற கதை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குகிற நேரம்தான் ஆனது. உச்சியிலிருந்து அது இறக்கையை விரித்துக் குதித்தபோது மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நினைத்த இடத்தில் நிறுத்த விடுங்கள். கதைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை விற்கும் பக்கத்திலேயே போடுங்கள். அப்புறம், நாள் கழித்து வருகிறவனுக்குக் கை பழக ஒரு பத்து நிமிடம், ஒரு தனி இடம். ஆர்தர் இன்னும் அந்தக் குதிரைப் பக்கத்தில்தான் நிற்கிறான்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்