கமிட்டிக்கு ஆள் தேடுறாங்க, எங்கட ஆக்கள் எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட வாசகர் பக்கத்தில ஒரு ஐயா எழுதியிருந்தார், கொழும்பில இருக்கிற தொழில்சார் சங்கங்கள்ட நிர்வாகத்தில தமிழ்ப் பெயர் ஒண்டு ரெண்டுக்கு மேல காணக்கிடைக்குதில்ல, எங்கள ஒதுக்கிறாங்க எண்டு. வாசிச்ச நேரத்தில இருந்து மனசு அதிலயே நிக்குது. ஒதுக்கிற இடங்கள் இருக்கு, இல்லையெண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா பதினொரு வருஷமா ஒரு கணக்காளர் சங்கத்தின்ட கமிட்டியளில இருந்து நான் கண்டது வேற ஒரு விஷயம், அதையும் ஆக்கள் அறிய வேணும் எண்டுதான் எழுதிறன். வருஷா வருஷம் கமிட்டிக்குப் பேர் குடுக்கிற நொமினேஷன் போம் வருது, எங்கட ஆக்கள் அத நிரப்பிறேல்ல.

நான் கணக்கு படிச்சு அதே தொழிலில இருக்கிறன். சங்கத்தில அங்கத்துவம் எடுத்து முதல் பதினாலு வருஷமும் சந்தாவ ஒழுங்கா கட்டினன், வருஷத்தில ஒருநாள் ஏஜிஎம் எண்ட வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய் பின்வரிசையில எங்கட ஆக்களோட இருந்து, கணக்கறிக்கை வாசிக்கும்போது பக்கத்தில இருக்கிறவவோட பிள்ளையள்ட படிப்பக் கதைச்சு, சாப்பிட்டிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்திடுவன். மேடையில இருக்கிறவங்க எப்படி அங்க போனாங்க எண்டு ஒருநாளும் யோசிச்சதில்ல. அது யாரோ பெரிய ஆக்கள் தங்களுக்குள்ள முடிவெடுக்கிற விஷயம் எண்டுதான் நினைச்சிருந்தன்.

பிறகு என்ட தங்கச்சியின்ட மகன் சங்கத்தின்ட சோதினையத் தமிழ் மீடியத்தில எழுதினான். சோதினை முடிஞ்சு நேரா எங்கட வீட்டுக்கு வந்து, பெரியம்மா இதப் பாருங்கோ எண்டு வினாத்தாள நீட்டினான். ஒரு கேள்வியில 'ஏற்பாடு' எண்டு வரவேண்டிய இடத்தில 'ஒதுக்கம்' எண்டு போட்டிருந்தது. கணக்கு தெரியாதவங்களுக்கு ரெண்டும் ஒண்டு போலத்தான் இருக்கும், ஆனா ஏற்பாடு எண்டா லாபத்தக் கணிக்க முதலே செலவாக் கழிக்கிறது, வரக்கூடிய ஒரு பொறுப்புக்காக வைக்கிறது, ஒதுக்கம் எண்டா லாபம் வந்த பிறகு அதில இருந்து எடுத்து வைக்கிறது, அது உரிமையாளர்ட பங்கோட சேரும். சொல் மாறினா லாபமே மாறும், ஐந்தொகையில போய் இருக்கிற இடமும் மாறும். பிள்ளை தமிழில இருந்த மாதிரியே செய்திருந்தான், ஆங்கிலத் தாளில கேட்டது வேற. ஒரு வருஷமா வேலைக்குப் போய்க்கொண்டு இரவில படிச்ச பிள்ளை அண்டைக்கு எங்கட வீட்டு வாசல் படியில இருந்து அழுததப் பாத்தனான்.

நான் சங்கத்தில சோதினையப் பாக்கிற கல்விக் கமிட்டிக்குக் கடிதம் போட்டன். ஒரு மாசமாப் பதில் இல்ல. பிறகு போன் எடுத்தன், கமிட்டிச் செயலாளர் ஒரு சிங்கள மிஸ், மரியாதையாத்தான் கதைச்சா. "மிஸ், எங்கட கமிட்டியில தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்ல, வெளியில குடுத்துத்தான் மொழிபெயர்க்கிறம், வாறத அப்படியே அச்சுக்கு அனுப்புறம், மூண்டு வருஷமா தமிழ் ஆக்கள் யாராவது வாங்க எண்டு கேட்டனாங்க, நீங்க வாறீங்களா?" எண்டு கேட்டா. எனக்குக் கோபம்தான் வந்தது. பிழை விட்டது நீங்க, வேலை செய்யிறது நானா எண்டு நினைச்சன். அடுத்த நாள் முழுக்க அந்த மூண்டு வருஷம் எண்ட சொல்லுத்தான் காதுக்குள்ள கேட்டுக்கொண்டிருந்தது, ஏனெண்டா அந்த மூண்டு அறிவித்தலும் எனக்கும் வந்ததுதான், திறந்து பாக்காமலே விட்டிருக்கிறன்.

அப்படித்தான் போனன். கொழும்பு 7 இல மேல்மாடி அறை ஒண்டு, பின்னேரம் அஞ்சரைக்குக் கூட்டம், ஒன்பது பேர். முதல் நாளே மினிட்ஸ், அதான் கூட்டக் குறிப்பு, எழுதுற வேலைய எனக்குத் தந்தாங்க. சின்ன வேலை, ஆனா இளம் ஆக்களுக்கு நான் இப்பவும் சொல்றது, முதலில அதக் கேட்டு வாங்குங்கோ. மினிட்ஸ் எழுதுறவருக்குத்தான் ஒரு சங்கம் எப்படி ஓடுது எண்டு முழுசா விளங்கும். போன கூட்டத்தில யார் எதுக்கு ஒத்துக்கொண்டது, அது நடந்ததா, நடக்காட்டி ஏன், காசு எந்தத் தலைப்பில இருந்து வருது, கமிட்டியே முடிவெடுக்கலாமா இல்ல மேல இருக்கிற நிர்வாக சபையான கவுன்சிலுக்கு அனுப்ப வேணுமா எண்டு எல்லாம் கைக்குள்ளால போகும். ஆறு மாசத்தில அந்த மேசையில எந்தக் கேள்விய எப்ப கேக்க வேணும் எண்டு எனக்குப் பிடிபட்டிட்டுது.

தமிழ் வினாத்தாள் விஷயம் முடிய ஒரு வருஷம் எடுத்தது. சொற்பட்டியல் ஒண்டு செய்தம், பள்ளிக்கூடப் புத்தகத்தில பிள்ளையள் படிச்சுப் பழகின சொல்லுகளயே வைச்சு. பிறகு தமிழ்த் தாள அச்சுக்குப் போக முதல் கமிட்டி அங்கத்தவர் ரெண்டு பேர் ஆங்கிலத் தாளோட வைச்சு வாசிச்சுக் கையெழுத்து வைக்க வேணும் எண்டு ஒரு விதியக் கொண்டுவந்தம். அதுக்கு அந்தக் கூட்டத்தில ஒருத்தரும் எதிர்ப்புச் சொல்லேல்ல. இதத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்றன், ஒருத்தரும் தடுக்கேல்ல, அதுக்கு முதல் கேக்க ஆள் இருக்கேல்ல, அவ்வளவுதான். 1987 ல 13 ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழியாச்சு, நல்லது, ஆனா 'ஏற்பாடு' எங்க வரவேணும் 'ஒதுக்கம்' எங்க வரவேணும் எண்டு எந்தச் சட்டமும் வந்து பாக்காது, தமிழ் தெரிஞ்ச ஒரு கணக்காளர் வியாழக்கிழமை பின்னேரம் வேலை விட்டு அந்த அறைக்குப் போய் பாக்க வேணும்.

எல்லாம் சுகமா நடந்தது எண்டு நினைக்க வேண்டாம். தொடர் பயிற்சி விரிவுரையள் எல்லாம் கொழும்பிலதான் நடந்தது, யாழ்ப்பாணத்தில இருக்கிற அங்கத்தவர் ரெண்டு மணித்தியாலப் பேச்சுக்காக நானூறு கிலோமீற்றர் ராத்திரி பஸ்ஸில வந்து போக வேணும், மட்டக்களப்பு ஆக்களுக்கும் அதே பாடு. வருஷத்தில ஒண்டாவது அங்க வைப்பம் எண்டு நான் பிரேரணை கொண்டுபோய் ஏழுக்கு ரெண்டு எண்டு தோத்தன். வீட்டுக்கு வந்து அழுகை அழுகையா வந்தது. ஆனா என்னோட வாக்களிச்ச மற்ற ஆள், ஒரு வயசான சிங்கள சேர், அடுத்த நாள் போன் எடுத்து, மிஸ், அடுத்த முறை செலவுக் கணக்கோட வாங்க எண்டார். அடுத்த வருஷம் மண்டப வாடகை, பேச்சாளர் போக்குவரத்து, எத்தனை பேர் வந்தா செலவு சமப்படும் எண்டு எல்லாம் ஒரு பக்கத்தில எழுதிக்கொண்டு போனன், பாஸ் பண்ணினாங்க. எதிர்த்து வாக்களிச்ச ஏழு பேரில ரெண்டு பேர் தாங்களே பேச்சாளரா யாழ்ப்பாணம் வந்தாங்க. முதல் வருஷம் அவங்களத் தமிழருக்கு எதிரானவங்க எண்டு நான் மனசில எழுதி வைச்சிருந்தன், அது பிழை எண்டு இப்ப இந்தப் பத்திரிகையில சொல்றன்.

போம நிரப்பச் சொல்லிக் கேட்டா எங்கட ஆக்கள் சொல்ற காரணங்கள் எனக்குப் பாடம். எங்களுக்கேன் கரைச்சல், கூட்டத்தில சிங்களத்தில கதைப்பாங்க விளங்காது, நேரமில்ல, என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லயே. பயம் எங்க இருந்து வந்தது எண்டு தெரியும், யுத்த காலத்தில பொலிஸ் பதிவு துண்டக் கையில வைச்சுக்கொண்டு கொழும்பில இருந்த தலைமுறை நாங்க, பேர் வெளியில வராம இருந்தா நல்லம் எண்டு பழகினனாங்க. அதக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பாஷையும் கஷ்டம்தான், எனக்கும் சிங்களம் அரைகுறை. ஆனா கூட்டத்தில 'சேர், அத ஆங்கிலத்தில ஒருக்காச் சொல்லுங்கோ' எண்டு நான் கேட்டு ஒருநாளும் ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல.

ஆனா அந்தக் கடைசிக் காரணம், கேக்கேல்லயே எண்டது, அதுதான் எங்கள உண்மையா வீட்டில வைச்சிருக்கு. வீட்டுக்கு வந்து சொன்னாத்தான் கலியாணத்துக்குப் போவம், காட்ட தபாலில அனுப்பினா மனஸ்தாபம், அப்படி வளந்தனாங்க. நொமினேஷன் போம் அப்படி வீட்டுக்கு வந்து கூப்பிடாது. ஏஜிஎம்முக்குச் சில கிழமைக்கு முதல் ஈமெயிலில ஒரு அறிவித்தல் வரும், சந்தா நிலுவை இல்லாத அங்கத்தவர் ஒருத்தர் முன்மொழிய வேணும், இன்னொருத்தர் வழிமொழிய வேணும், நீங்க சம்மதம் எண்டு கையெழுத்து வைக்க வேணும், திகதிக்கு முதல் செயலாளரிட்டக் குடுக்க வேணும். எங்கட சங்கத்தில விஷயம் இவ்வளவுதான். தானாப் போய்க் கேக்கிறது தலைக்கனம் எண்டு எங்கட பெண்பிள்ளையள் முக்கியமா நினைக்கிறாங்க. பிள்ளையள், அது வேலைக்குக் கை குடுக்கிறது, கோயில் மடப்பள்ளியில காய் வெட்ட ஆள் காணாட்டி கூப்பிடும்வரைக்கும் நீங்க பாத்துக்கொண்டா நிக்கிறீங்க?

இன்னொரு பக்கமும் இருக்கு. சிலர் வருவாங்க, வந்த உடனே தலைவர் பதவிக்குக் கேப்பாங்க, தோப்பாங்க, பிறகு தமிழன் எண்டு விழுத்திட்டாங்க எண்டு சொல்லிக்கொண்டு சங்கத்துப் பக்கமே வரமாட்டாங்க. எங்க சங்கத்தில தலைவரா வந்தவங்க எல்லாரும் எனக்குத் தெரிய ஏதோ ஒரு சின்னக் கமிட்டியில கதிரை அடுக்கினதில இருந்து வந்தவங்கதான், பிறகு கமிட்டியக் கூட்டி நடத்திற கன்வீனர், பிறகு கவுன்சில், செயலாளரோ பொருளாளரோ ஒரு தவணை, பிறகு உப தலைவர். பத்துப் பன்னிரண்டு வருஷம். ஆக்கள் உங்கட பேருக்கு வாக்களிக்கிறது உங்கட வேலையக் கண்ட பிறகுதான், அத எப்படிக் குறை சொல்றது.

சங்கங்களுக்கும் சொல்ல இருக்கு. அறிவித்தல் ஆங்கிலத்தில மட்டும் வருது, அதில இந்தப் பதவிக்கு மாசத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேணும், என்ன வேலை, எத்தனை வருஷம் எண்டு ஒரு வரி இல்ல, பிறகு எப்படி ஒரு ஆள் துணிஞ்சு பேர் குடுக்கிறது? ஆள் காணாட்டி தங்களோட படிச்ச ஆக்களில இருந்து நாலு பேர கூப்பிட்டு நிரப்பிறதும் நடக்குது. கூட்டம் வைக்கிற நேரம் இன்னொண்டு. அஞ்சரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிஞ்சா, கைப்பிள்ளைக்காரி எப்படி வாறது, வேலைக்குப் போறவ எட்டரைக்குத் தனிய ஓட்டோ பிடிச்சு வத்தளைக்கோ மட்டக்குளிக்கோ எப்படிப் போறது. 2020 கொரோனாவில சூமுக்கு மாறினம், 2022 பெற்றோல் கியூ நேரமும் சூம்தான், அந்த நேரத்தில எங்கட கமிட்டிக்குப் பொம்பிளையள் நாலு பேர் புதுசா வந்தவ. பிறகு நேரில வந்தாத்தான் கூட்டம் எண்டு திரும்ப மாத்தினாங்க, நாலு பேரில மூண்டு பேர் வாறத நிப்பாட்டிட்டினம். மாசத்தில ஒண்டு நேரில, மற்றது சூமில எண்டு வையுங்கோ எண்டு நான் ரெண்டு தரம் எழுதிக் குடுத்தனான், இன்னும் முடிவில்ல.

தானா முன்வந்து சங்க வேலை செய்யிறது இந்த ஊரில புது வழக்கமில்ல. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1901 குடிசன மதிப்பீட்டப் பொறுப்பா நிண்டு நடத்தின பெரிய அரச உத்தியோகத்தர், 1913 ல ஓய்வெடுத்தார், அதுக்குப் பிறகுதான் சமூக சேவைச் சங்கம், தொழிலாளர் நலச் சங்கம் எண்டு ஒண்டுக்குப் பிறகு ஒண்டாத் தொடங்கி நடத்தினார், 1919 ல இலங்கைத் தேசிய காங்கிரஸின்ட முதல் தலைவராகவும் வந்தார். இப்ப வெள்ளவத்தையில இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 ல இருந்து நிக்குதெண்டா வேலை முடிஞ்சு வந்து கூட்டம் வைச்ச ஆக்களாலதான். மருத்துவர்ட சங்கம் 1887 ல தொடங்கினது, பொறியியலாளர்டது 1906 ல, பல தொழில்சார் சங்கங்கள ஒண்டாச் சேத்த ஓ.பி.ஏ. எண்ட அமைப்பு 1975 ல. இதுகளிலயும் கமிட்டிக்கு வாறவங்க தங்கட தொழிலையும் பாத்துக்கொண்டு வாறவங்கதான்.

இப்ப ஏன் அவசரமா எழுதிறன் எண்டா, எங்க சங்கத்தின்ட யாப்பின்படி கவுன்சிலில தொடர்ந்து ரெண்டு தவணைக்கு மேல இருக்க ஏலாது, வாற ஏஜிஎம்மோட நான் இறங்கிறன், கல்விக் கமிட்டியில என்ட இடமும் அதோட போகுது. அது சரியான விதி, நானே ஆதரிச்சு வாக்களிச்சனான். கமிட்டியில என்னோட தமிழ்த் தாள் பாத்த தம்பி 2022 கடைசியில குடும்பத்தோட அவுஸ்திரேலியா போயிட்டார், அவர்ட இடத்துக்கு நிரந்தரமா ஆள் வரேல்ல, ரெண்டாவது கையெழுத்த இவ்வளவு நாளும் ஓய்வெடுத்த ஒரு அங்கத்தவரக் கெஞ்சித் தற்காலிகமாக் கமிட்டிக்குள்ள கூட்டிவந்து போடுவிச்சம். சோதினைத் தாள் இரகசியம், கமிட்டிக்கு வெளியில நிண்டு நான் உதவி செய்யவும் ஏலாது. ஏஜிஎம்முக்குப் பிறகு வாற சோதினைக்குத் தமிழில எழுதப்போற பிள்ளையள் இப்பவே படிச்சுக்கொண்டிருக்கிறாங்க, அந்தத் தாள வாசிக்க மேசையில தமிழ் தெரிஞ்ச ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. நித்திரை வருதில்ல ஐயா இத நினைச்சா.

அதால ஆசிரியர் அவர்களிட்ட ஒரு வேண்டுகோள். கலியாணம், மரண அறிவித்தல், கோயில் திருவிழா எல்லாத்துக்கும் உங்கட பத்திரிகையில இடமிருக்கு, தொழில்சார் சங்கங்கள்ட நொமினேஷன் திகதியளத் தமிழில மாசத்துக்கு ஒருக்கா ஒரு சின்னப் பெட்டியில போடுவீங்களா? சங்கங்களிட்ட இருந்து விபரம் எடுத்துத் தமிழில எழுதித் தாற வேலைய நான் செய்யிறன், காசு வேண்டாம். அதோட முன்மொழிய ஆள் தெரியாது எண்டு பின்வாங்கிற எங்கட சங்கத்துப் பிள்ளையள் உங்கட அலுவலகத்துக்கு 'வெள்ளவத்தை வாசகி' எண்டு போட்டு எனக்கு ஒரு துண்டு அனுப்பட்டும். நான் முன்மொழியிறன், வழிமொழிய அந்த ஓய்வெடுத்த அங்கத்தவர் ஓம் எண்டு சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருவர்,
கொழும்பு 6