செயலாளர் அறிக்கை: பாலிசிக்ஸ் மறுபடி வாய்திறந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், பழைய சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) வாசிக்கிற, வைத்திருக்கிற, சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிற எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு ஞாயிறு என்று வடபழனி மொட்டை மாடி அறையில் கூடினோம். மழையால் நவம்பர் கூட்டம் நடக்கவில்லை. புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். நம்மிடம் உள்ள கருவிகள் தயாரானபோது அந்த நால்வரும் பிறக்கவே இல்லை. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருப்பதால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

ஆண்டின் பெரிய வேலை பாலிசிக்ஸ்தான். கோர்க் நிறுவனம் 1981இல் வெளியிட்ட சிந்தசைசர் அது, ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும். மெல்லிசைக் குழு நடத்திய ஒருவரின் வீட்டுப் பரணில் கிடந்தது. வீட்டை இடிக்கும்போது காயலான் கடைக்குப் போக இருந்ததைத் துணைத் தலைவர் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். ஆன் செய்தால் விளக்கெல்லாம் எரியும், ஆனால் ஒரு கட்டையும் பேசாது. சில நாள் தானாகவே ஒரு சுரம் அலற ஆரம்பித்து நிற்காமல் ஓடும்.

திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இந்தக் கருவி 32 ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்காக ஒரு சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சாலிடர் வைத்திருப்பார்கள். அது கசிந்து, பச்சை பூத்து, சுற்றியிருந்த செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. கருவியைக் குறை சொல்ல முடியாது. டிவி ரிமோட்டில் பேட்டரியை மாற்றாமல் பத்து வருடம் விட்டாலும் இதுதான் நடக்கும். கசிந்தது காரம், அதனால் சமையலறை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவினோம். அறுந்த கோடுகளைத் தலைமுடி போன்ற கம்பியால் ஒவ்வொன்றாகக் கட்டியவர், முன்பு டிவி மெக்கானிக்காக இருந்த நம் மூத்த உறுப்பினர். ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. அவருக்கு நாம் கொடுத்த கூலி டீயும் மெதுவடையும். பழைய பேட்டரி இருந்த இடத்தில் இப்போது லித்தியம் பட்டன் செல், கழற்றி மாற்றும்படி ஹோல்டரில் இருக்கிறது. லித்தியம் செல்லுக்குள் சார்ஜ் போகக்கூடாது, அதனால் நடுவே மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் ஒரு டயோடு. டயோடும் ஹோல்டரும் ரிட்சி தெருவில் வாங்கியவை.

ஐந்தாவது ஞாயிறு மாலை, பல சுரம் சேர்ந்தொலிக்கும் முதல் கார்டு கேட்டபோது அறையில் பேச்சு நின்றது. ஆறு குரலில் ஒன்று மட்டும் கொஞ்சம் ஸ்ருதி விலகி இருந்தது. மறுநாளே அதைச் சரி செய்துவிட்டார்கள், எனக்கு அது அப்படியே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் உறுப்பினர்களில் சிலர் பொக்கிஷம் என்று பாலிதீனில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடற்கரை ஊர் இது. பாலிதீனுக்குள் மாட்டிய ஈரம் வெளியே போகாது. கான்டாக்டுகள் களிம்பு ஏறுகின்றன, நாப் திருகினால் கரகரக்கிறது, கரன்ட் பார்க்காத கெப்பாசிட்டர்கள் கெட்டுப்போகின்றன. பரணில் இருந்து வந்த எந்தக் கருவியும் வாசித்து வாசித்துத் தேய்ந்ததாக நான் பார்க்கவில்லை, எல்லாம் வாசிக்காமல் கெட்டவை. அதனால் செயற்குழு முடிவு செய்தபடி, அறையில் உள்ள ஒவ்வொரு கருவியையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது யாராவது வாசிக்க வேண்டும். முறைப் பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. மூத்த உறுப்பினர் இருவர் இதை எதிர்த்தார்கள். அவர்கள் மறுப்பும் குறிப்பேட்டில் உள்ளது.

ரோலண்டின் ஜூனோ 106 சிந்தசைசரில் வந்த கோளாறு வேறு மாதிரி. வாசிக்க வாசிக்க ஆறாவது சுரம் மட்டும் காணாமல் போகும், கட்டை எதுவானாலும். குரலுக்கு ஒன்றாக, ஒலியைச் செதுக்கும் ஆறு பில்டர் சிப் அதில் உண்டு, அவற்றில் ஒன்று செத்திருந்தது. சிப்பின் மேல் பூசிய பிசின் வயதானால் மின்சாரத்தைக் கசியவிடும். கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரித்தோம். பிழைத்துக்கொண்டது. மிச்சம் ஐந்தும் எப்போது என்று தெரியாது, அதற்கும் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறோம்.

ஒரு விபத்து. புது உறுப்பினர் ஒருவர் ஜப்பானில் விற்ற கருவியை நேராக நம் சுவர் பிளக்கில் மாட்டினார். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. பியூஸ் போய்க் கருவியைக் காப்பாற்றியது. பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய எதையும் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மாட்டாதீர்கள். பார்சலில் வந்த இன்னொரு கருவியில் மூன்று கட்டைகள் உடைந்திருந்தன. அனுப்பிய இடத்தில் முறையிட்டோம், பதில் இன்னும் வரவில்லை.

மே மாதக் கூட்டத்தில் மினிமூக் என்ற சிந்தசைசரை வாசித்து ஒருவர் பாட ஏற்பாடு. நடுவில் கரன்ட் போய், அரை மணியில் வந்தது. ஏசி இல்லாத அறை, வெயில் வேறு. கருவி சூடேறி நிலைக்குமுன் பாட ஆரம்பித்ததால் ஸ்ருதி நகர்ந்துகொண்டே இருந்தது, பாடகி பாதியில் எழுந்துவிட்டார். ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டருக்குள் சுரத்தை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டருக்கு வெப்பம் ஆகாது. 1970இல் வந்த வடிவமைப்பில் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது. இனி பாட்டு இருந்தால் கருவி அரை மணி முன்னதாக ஆன் ஆக வேண்டும், யுபிஎஸ்ஸும் வேண்டும்.

கேட்கும் அமர்வுகளில் அதிகம் பேர் வந்தது சரண்ஜித் சிங் பற்றிய அமர்வுக்கு. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். ரோலண்டின் ஜூபிடர் 8 சிந்தசைசர், டிஆர் 808 தாளப் பெட்டி, டிபி 303 பேஸ் பெட்டி மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் 1982இல் இசைத்தட்டாகப் போட்டார். அன்று விற்கவில்லை. 303 கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கச் செய்த பெட்டி, அதுவும் விற்கவில்லை. சில வருடம் கழித்து சிகாகோவில் சிலர் அதே பெட்டியில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையை உண்டாக்கியபோதுதான் உலகம் அதைத் தேடியது. சிங்கின் தட்டு 2010இல் மறுபதிப்பு வந்தது. அவர் 2015இல் காலமானார்.

பூபாலி வந்தபோது நம்மவர்கள் மோகனம் என்று தலையாட்டினார்கள், மால்கௌன்ஸுக்கு இந்தோளம். அப்புறம்தான் சண்டை. 303இன் ஸ்லைடைக் கமகம் என்று ஒருவர் சொல்ல, வயலின் வாசிக்கும் துணைத் தலைவர் கொதித்துவிட்டார். ஸ்லைடு இந்தச் சுரத்திலிருந்து அந்தச் சுரத்துக்கு ஒரே போக்காகப் போகும். கமகத்தில் ஒரு வகையான கம்பிதம் அசையும், திரும்பும், போன வேகத்தில் வராது. என் கட்சி துணைத் தலைவர் பக்கம்தான். மினிமூக்கில் ஸ்ருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலில் ஸ்பிரிங் இல்லை, விட்ட இடத்தில் நிற்கும். அதை இடது கட்டைவிரலில் பழக்கினால் தோடியில் காந்தாரத்தை ஓரளவு அசைக்கலாம் என்று அவரே செய்து காட்டினார். ஓரளவு என்ற சொல் அவருடையது.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது பற்றி இன்னொரு அமர்வு. அமெரிக்க இசைக் கலைஞரான டேவிட் டியூடர் அதை அங்கே நிறுவினார், 1972 வரை இந்தியர்கள் அதில் வாசித்த ஒலிநாடாக்கள் 2023இல் வெளிவந்தன. நேரம் போதாமல் பாதியில் நிறுத்தினோம், வரும் ஆண்டு தொடரலாம். மேடையில் கீபோர்டில் வாசிக்கும் மகுடிச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று இளைஞர் ஒருவர் கேட்டார். 1954இல் வந்த நாகின் இந்திப் படத்துக்காக, பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி கிளாவியோலைன் என்ற வால்வு கீபோர்டில் வாசித்ததை மூத்தவர் சொன்னார். மெல்லிசை மேடையில் எத்தனை பாம்பு ஆடியிருக்கிறோம், யாருக்கும் இது தெரியவில்லை.

முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயம். ஒலிப்பதிவுக்குப் பாலிசிக்ஸை வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். வாடகை நம் ஊருக்குப் புதிதல்ல. இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976இல் மறைந்த பிறகு, சிறுவனாக இருந்த அவர் மகன் ஏ. ஆர். ரகுமானின் குடும்பம் அப்பா விட்டுப்போன கருவிகளின் வாடகையில்தான் வாழ்ந்தது. கொடுக்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் நம் உறுப்பினர் ஒருவர் கூடவே போய், அவரே மாட்டி, அவரே கழற்ற வேண்டும். இன்று கை தூக்கிச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மரின் கறுப்பு ஒயரை யாரோ தெரியாமல் எடுத்துப் போயிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறுக்குள் அலமாரியில் வைத்துவிட்டால் யார் என்று கேட்க மாட்டோம்.

செயலாளர்