உன் பால்டிமோர் கடிதத்துக்கு ஒரு மறுப்பு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு யாவரும் நலம். பல மாதங்களாகப் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டிக்கொள். ஆனால் மெக்ஹென்றி கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1812ஆம் ஆண்டுப் போரில் அமெரிக்கா பிரிட்டனைத் தோற்கடித்தது என்று நீ எழுதியதை மட்டும் என்னால் விட முடியவில்லை. போய் வந்த ஊருக்கெல்லாம் வெற்றி வாங்கிக் கொடுப்பது உனக்கு விடுதிக் காலத்திலிருந்தே வழக்கம்தானே!

1814 செப்டம்பரில் அந்தக் கோட்டை குண்டுமழையைத் தாங்கி நின்றது உண்மை. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் மாளிகையைப் பிரிட்டிஷ் படை எரித்தது என்பதை உனக்கு யாரும் சொல்லவில்லையா?

நெப்போலியனோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டன், நடுநிலை நாடான அமெரிக்காவின் வணிகத்தை ஆணைகளால் முடக்கியதோடு, நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து மாலுமிகளைப் பிடித்துத் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது. 1807இல் செசபீக் என்ற போர்க்கப்பலையே சுட்டு நால்வரைக் கொண்டுபோனது. இத்தனைக்கும், 1812 ஜூன் 18 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மாடிசன் போர் அறிவிப்பில் கையெழுத்திடுவதற்கு இரண்டு நாள் முன்பே, அந்த ஆணைகளை விலக்கும் முடிவு லண்டன் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டுவிட்டது. செய்திதான் கடலைக் கடக்கவில்லை. கப்பலும் வணிகமும் மிகுந்த வடகிழக்கு மாநிலங்கள் போரை எதிர்க்க, கடலையே காணாத மேற்குப் பகுதியினர் அதை வற்புறுத்தியதைக் கவனி. அவர்கள் கண் நிலத்தின் மேல் இருந்தது.

1814 டிசம்பர் 24 அன்று, இன்று பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் (Ghent) நகரில் கையெழுத்தான அமைதி உடன்படிக்கை எல்லைகளைப் பழையபடியே விட்டது. மாலுமிகளைப் பிடித்துச் செல்வதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தச் செய்தி வருமுன் 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கத் தளபதி ஜாக்சன் பெற்ற வெற்றியே மக்கள் மனத்தில் தங்கிவிட்டது.

எனக்கு உறுத்துவது அமெரிக்கப் பழங்குடித் தலைவர் டெகும்சேயின் கதை. பழங்குடிகளை ஒன்றுதிரட்டத் தெற்கே சென்றிருந்த வேளையில், 1811இல் அவருடைய ஊரை ஹாரிசன் என்பவர் தலைமையிலான அமெரிக்கப் படை எரித்தது. பிரிட்டிஷாரோடு சேர்ந்து டெட்ராய்ட்டைக் கைப்பற்ற உதவிய அவர், 1813 அக்டோபரில் கனடாவிலுள்ள தேம்ஸ் ஆற்றங்கரைப் போரில், கூட்டாளிகள் சிதறி ஓடிய பிறகும் நின்று போரிட்டு மடிந்தார். கென்ட்டில் பழங்குடிகளுக்குத் தனி நிலப்பகுதி கேட்ட பிரிட்டன் பின்னர் அதையும் கைவிட்டது. 1811இல் இருந்த உரிமைகளை அவர்களுக்குத் திருப்பித் தருவதாக உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. ஆனால் 1814 ஆகஸ்டில் கிரீக் என்ற பழங்குடி மக்களிடமிருந்து ஜாக்சன் எழுதி வாங்கிய ஏறத்தாழ 2.3 கோடி ஏக்கர் திரும்பவே இல்லை. அதில் அவர் பக்கம் நின்று போரிட்ட கிரீக்குகளின் நிலமும் அடக்கம்! ஹாரிசன், ஜாக்சன் இருவருமே பின்னர் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள்.

ராமசாமி இன்னும் உன் கட்சிதான். இருவரும் சேர்ந்தே பதில் எழுதுங்கள். ஒன்பதாம் பிரிவைப் படித்துவிட்டு எழுதினால் போதும்.

அன்புடன்,
வேலு